ஆடிக் காற்றை அடைத்து வைக்கலாம்!

    

"மிஞ்சுகிற மின்சாரத்தைச் சேர்த்து வைக்கச் சிறந்தது பேட்டரியா, எரிபொருளா?" இதுதான் தலைப்பு. எரிபொருளே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி எனக்கு முன்னாலே பேசினார். அருமையாப் பேசினார். "என் சட்டைப் பையிலே இருக்கிற செல்போனே சாட்சி, இன்றைய உலகம் பேட்டரி உலகம்"னு சொல்லி, போனை எடுத்து உங்க எல்லாருக்கும் காட்டினார். நடுவர் அவர்களே, காட்டும்போது நான் பார்த்தேன். சார்ஜ் பதினோரு சதவீதம்! (சிரிப்பு) பட்டிமன்றம் முடியுற வரைக்கும் தாங்குமான்னு தெரியாத ஒன்றைக் கையிலே வைத்துக்கொண்டு, மார்கழி மாதம் வரைக்கும் தாங்கும் என்று வாதாடுகிறார்.

முதலிலே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். தாய்மார்கள் நினைக்கலாம். "மிஞ்சுற மின்சாரமா? நான் மிக்ஸியிலே தேங்காயைப் போட்ட நேரத்திலே கரண்டு போகுது. இவங்க மிஞ்சினதை எங்கே வைக்கிறதுன்னு பட்டிமன்றம் நடத்துறாங்களே!" நியாயமான கேள்வி. 2012-லே பல ஊர்களிலே பத்து மணி நேரத்துக்கு மேலே மின்வெட்டு. விசிறியும் கையுமா உட்கார்ந்திருந்தோம். மறக்க முடியுமா?

ஆனால் இதையும் கேளுங்கள். ஓர் ஆடி மாதம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்திலே போகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல். ஆடிக் காற்றிலே அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்குப் பேருந்துக்குள்ளே பாதிப் பேர் துண்டு பறந்தது. அந்தக் காற்றிலே வரிசை வரிசையாக் காற்றாலைகள். அதிலே சில ஆலை சும்மா நிற்கிறது. பக்கத்திலே இருந்த பெரியவரைக் கேட்டேன். "அண்ணாச்சி, இவ்வளவு காத்து அடிக்குது, அது ஏன் நிக்குது? ரிப்பேரா?" அவர் சிரித்தார். "சிலது ரிப்பேரா இருக்கும் தம்பி. ஆனா நல்ல ஆலையையும் நிறுத்தச் சொல்லுவாவ. காத்து ரொம்ப நல்லா அடிக்கிற நாள்லதான் நிறுத்தச் சொல்லுவாவ" என்றார்.

ஏன் அப்படி? மின்சாரம் ஒரு விசித்திரமான சரக்கு. உற்பத்தியான அந்த நொடியிலேயே யாராவது பயன்படுத்தியாக வேண்டும். சந்தைக்குக் கொண்டு போன கத்தரிக்காய் விற்கலைன்னா சாயங்காலம் வரைக்கும் வைத்திருக்கலாம். மின்சாரத்தை ஒரு நொடிகூட வைத்திருக்க முடியாது. அளவுக்கு மிஞ்சி வந்தால் மின்கட்டமைப்பே தடுமாறிப் போகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மே முதல் செப்டம்பர் வரைதான் நம் காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம். அதே காலத்திலே மழை பெய்து ஊர் குளிர்ந்தால் தேவை குறைகிறது. நிலக்கரி ஆலையை அடுப்பு மாதிரி நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது ஏற்ற முடியாது. கொண்டுபோகிற கம்பியும் நிரம்பிவிடுகிறது. அப்புறம் என்ன? இலவசமாக் காற்று அடித்தாலும் ஆலையைக் கட்டிப்போட வேண்டியதுதான்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் நம் பாட்டன்மார்கள். 1986-லேயே தூத்துக்குடிக் கரையிலே காற்றாலை வைத்த நாடு இது. இன்றைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேலே காற்றாலை தமிழ்நாட்டிலே நிற்கிறது. ஆடியிலே காற்றை வீணாக்குகிறோம். காற்று ஓய்ந்த மாதத்திலே கப்பலிலே நிலக்கரி வாங்குகிறோம். இது எந்த ஊர் நியாயம் என்றுதான் நான் கேட்கிறேன். (கைதட்டல்)

சரி, மிஞ்சுவதை என்ன செய்வது? இதற்கு விடை நம்ம வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. மாடு இரண்டு லிட்டர் கூடுதலாக் கறந்தால் நம்ம அம்மா என்ன பண்ணுவாங்க? பாலை அப்படியே ஒரு மாதம் வைக்க முடியுமா? முடியாது. உறை ஊற்றுவாங்க, கடைவாங்க, வெண்ணெய் எடுப்பாங்க, காய்ச்சி நெய்யாக்கி ஜாடியிலே வைப்பாங்க. அந்த நெய் ஆறு மாதம் கழித்துப் பொங்கலுக்கு மணக்கும். நடுவர் அவர்களே, மின்சாரம் என்பது பால். எரிபொருள் என்பது நெய். பேட்டரி? அது ஃபிரிட்ஜ். காலையிலே வாங்கின பாலை ராத்திரி வரைக்கும் வைக்கலாம், நாளைக்கு வரைக்கும் வைக்கலாம். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் ஆடி மாதத்துப் பாலை மார்கழி வரைக்கும் ஃபிரிட்ஜிலே வைக்கிற அம்மாவை நீங்க பார்த்திருக்கீங்களா? (சிரிப்பு)

இந்த நெய் எடுக்கிற வித்தை ஒன்றும் மாயமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். தண்ணீரிலே இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் இரண்டு பக்கமும் குமிழி வரும். ஒரு பக்கம் ஆக்சிஜன், இன்னொரு பக்கம் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் எரியும். அதுவே எரிபொருள். அதைக் காற்றிலே இருக்கிற நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. கரியமில வாயுவோடு சேர்த்தால் மெத்தனால், இல்லையென்றால் மீத்தேன். மீத்தேனாக்கும் முறையைப் பால் சபாத்தியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1902-லேயே கண்டு சொன்னார். 1912-லே நோபல் பரிசும் வாங்கினார்.

எதிரணியிலே, "இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், இன்னும் ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கலாம்"னு சொன்னாங்க. நான் ஐம்பது வருஷம் முன்னாலே போகவில்லை, நூற்றுமுப்பது வருஷம் பின்னாலே போகிறேன். டென்மார்க் நாட்டிலே அஸ்கோவ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பள்ளியிலே பவுல் லா கூர் என்று ஒரு வாத்தியார். 1891-லே காற்றாலை கட்டினார். காற்று வந்தால் மின்சாரம், நின்றால் இருட்டு. என்ன செய்வது என்று யோசித்தார். மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தார். வாயுவைத் தொட்டியிலே அடைத்தார். 1895-லிருந்து ஏழு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்திலே காற்றில்லாத இரவிலும் ஹைட்ரஜன் விளக்கு எரிந்தது. ஒரு வாத்தியார் செய்த வேலை இது! இங்கே வந்திருக்கிற ஆசிரியர்கள் எல்லாம் கைதட்டலாம். (கைதட்டல்)

இன்னொருவர், ஹால்டேன். பெரிய உயிரியல் மேதை. பின்னாளிலே இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-லே புவனேசுவரத்திலே மறைந்தார். அவர் 1923-லே கேம்பிரிட்ஜிலே ஓர் உரை ஆற்றினார். நிலக்கரி தீர்ந்த பிறகு இங்கிலாந்து முழுக்கக் காற்றாலைகள் நிற்கும், காற்று பலமாக அடிக்கும்போது மிஞ்சுகிற மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைத் தரைக்கடியிலே சேமிப்பார்கள் என்று சொன்னார். நானூறு வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டார். நூறு வருஷத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவிலே யூட்டா மாநிலத்திலே டெல்டா என்ற ஊருக்குப் பக்கத்திலே பூமிக்கடியிலே இரண்டு பெரிய உப்புக் குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். வசந்த காலத்திலே மிஞ்சுகிற மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி அங்கே இறக்கி, கோடையிலே எடுத்து எரிப்பது திட்டம். இரண்டு குகையும் சேர்ந்தால் 30 கோடி யூனிட்டுக்கு இணையான எரிபொருளைத் தாங்கும். பேட்டரி நிலையங்களைப் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கும் கட்டுகிறார்கள். ஆடியிலே ஏற்றி மார்கழியிலே இறக்குகிற பேட்டரி வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கி அப்படிச் சும்மா வைக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

எதிரணி அம்மையார் கணக்குப் பேராசிரியர். கணக்கோடு வந்தார்கள். "நூறு யூனிட்டைப் பேட்டரியிலே போட்டால் எண்பத்தைந்து, தொண்ணூறு திரும்பி வரும். ஹைட்ரஜனாக்கி மறுபடியும் மின்சாரமாக்கினால் முப்பது, முப்பத்தைந்துதான் தேறும். அறுபத்தைந்து நஷ்டமா?" என்று கேட்டார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அம்மா, உங்கள் கணக்கு சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டே இரண்டு கேள்வி கேட்கிறேன்.

முதல் கேள்வி. எதோடு ஒப்பிட்டு நஷ்டம் என்கிறீர்கள்? ஆலையை நிறுத்தி வைத்தால் தேறுவது எவ்வளவு? பூஜ்யம்! முப்பது பெரியதா, பூஜ்யம் பெரியதா? இதற்குக் கணக்குப் பேராசிரியர் வேண்டாம், ஒண்ணாங்கிளாஸ் குழந்தை சொல்லும். (சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது கேள்வி. நெய்யை மறுபடியும் பாலாக்கச் சொன்னது யார்? தண்ணீரைப் பிரிக்கிற வரைக்கும் நூற்றுக்கு அறுபத்தைந்து தேறுகிறது. மறுபடியும் மின்சாரமாக்கும்போதுதான் அதிலே பாதி போகிறது. நெய்யை நெய்யாகவே சாப்பிடுங்களேன்! ஹைட்ரஜனை ஹைட்ரஜனாகவே வாங்கிக்கொள்ள எத்தனை பேர் வாசலிலே நிற்கிறார்கள்! இரும்புத் தாதிலிருந்து இரும்பு எடுக்கக் கரிக்குப் பதில் ஹைட்ரஜன் உதவும். 2023-லேயே மெத்தனாலில் ஓடுகிற சரக்குக் கப்பல் கடலுக்கு வந்துவிட்டது. சிலி நாட்டின் தென்கோடியிலே காற்று மின்சாரத்தைக் கொண்டு 2022-லே பெட்ரோலே தயாரித்துக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் நிற்கிறார். அவர் நம்ம ஊர் விவசாயி.

யூரியா மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது எதிலிருந்து வருகிறது? அம்மோனியாவிலிருந்து. அம்மோனியா ஹைட்ரஜனிலிருந்து. அந்த ஹைட்ரஜன்? நம் நாட்டிலே பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து. அதிலே பெரும்பங்கு கப்பலிலே வருகிறது. 2022-லே உக்ரைனிலே போர் வெடித்தது. எரிவாயு விலை ஏறியது, உர விலை உலகம் முழுக்க ஏறியது. எங்கோ குண்டு விழுந்தால் இங்கே தஞ்சாவூர் நெற்பயிருக்கு ஆபத்து! இந்தக் கயிற்றை அறுக்க வேண்டாமா?

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு மெகாவாட் காற்றாலை ஒன்று, முழு வேகத்திலே ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் 48,000 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட். ஆக சுமார் 900 கிலோ ஹைட்ரஜன். ஒரு டன் அம்மோனியாவுக்கு 180 கிலோ ஹைட்ரஜன் போதும். மற்ற இயந்திரங்களுக்கான மின்சாரத்தையும் கழித்துக்கொண்டால் நாலரை டன் அம்மோனியா. அதை யூரியாவாக்கினால் 45 கிலோ மூட்டை நூற்றைம்பதுக்கும் மேலே! ஒரே ஓர் ஆலை, ஒரே ஒரு நாள். யூரியாவுக்குக் கரியமில வாயு வேண்டுமே என்பீர்கள். தூத்துக்குடியிலே ஓர் ஆலை, தன் கொதிகலன் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு செய்யத் தொடங்கி 2016-லேயே உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வழி இருக்கிறது.

இந்தியாவுக்கு இது புதிதும் இல்லை. பக்ரா நங்கல் அணையைப் பற்றிப் பாடப்புத்தகத்திலே படித்திருப்பீர்கள். அந்த நங்கலிலே 1960-களிலேயே அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் எடுத்து, உரம் செய்தார்கள். மலிவான நீர்மின்சாரம் வயலுக்கு உரமாகப் போனது. பின்னாளிலே அந்த மின்சாரத்துக்குக் கிராக்கி வந்தது, ஆலை எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறியது. அன்றைக்கு அணை தந்ததை இன்றைக்குக் காற்றும் வெயிலும் தருகிறது. விட்ட இடத்திலிருந்து தொடருவோம் என்கிறேன்.

"ஹைட்ரஜன் வெடிக்குமே" என்று தம்பி பயந்தார். வெடிக்கும். அந்த டென்மார்க் வாத்தியாரின் பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடியே பல தடவை உடைந்து போனது. அதனாலே அவர் விளக்கை அணைத்துவிடவில்லை. கேஸ் சிலிண்டர் நம்ம வீட்டுக்கு முதன்முதலா வந்தபோது பாட்டி என்ன சொன்னாங்க? "வீட்டுக்குள்ளே வெடிகுண்டைக் கொண்டு வந்து வைக்கிறானே பாவி"ன்னாங்க. இன்றைக்குப் பேரன் அதிலேதான் தோசை சுடுகிறான். ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும், சிரமம்தான். அம்மோனியாவுக்கு மைனஸ் 33 போதும். நெடி மிக்க நச்சுவாயு, ஜாக்கிரதை அவசியம். ஆனால் நூறு வருஷமாகத் தொட்டியிலும் கப்பலிலும் கையாண்டு பழகிய பொருள். பழகின பாம்புக்கு மகுடி இருக்கிறது.

"குடிக்கவே தண்ணீர் இல்லை, இதிலே தண்ணீரைப் பிரிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர். சுத்திகரிப்பிலே கழிவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். நான் சொன்ன அந்த 900 கிலோவுக்குப் பிரிகிற தண்ணீர் 8,100 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி அளவுதான். அதையும் தாமிரபரணியிலே எடுக்க வேண்டாம், கடலிலே எடுக்கலாம். கடல்நீரை ஆயிரம் லிட்டர் நன்னீராக்க மூன்று, நான்கு யூனிட் போதும். நாற்பத்தெட்டாயிரம் யூனிட்டுக்கு முன்னாலே அது கறிவேப்பிலை.

"ஆடி மாதம் மட்டும் ஓடுகிற இயந்திரம் கட்டுப்படியாகுமா?" இதுதான் எதிரணி கேட்டதிலேயே கனமான கேள்வி. தண்ணீரைப் பிரிக்கிற இயந்திரம் விலை அதிகம், சும்மா நின்றால் நஷ்டம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை ஆலை வருஷம் முழுக்கவா ஓடுகிறது? அரவைப் பருவத்திலே ஓடுகிறது. தூத்துக்குடி உப்பளம் மழைக்காலத்திலே நிற்கிறது. உப்பில்லாமல் நாம் சாப்பிடுகிறோமா? இதிலே இன்னொரு வசதி, ஆடியிலே காற்று மிஞ்சுகிறது, கோடையிலே நடுப்பகல் வெயில் மின்சாரம் மிஞ்சுகிறது. இரண்டையும் சேர்த்தால் இயந்திரம் பல மாதம் ஓடும். 2023 ஜனவரியிலே மத்திய அரசு 19,744 கோடி ரூபாயிலே பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள்ளே ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. 2025 செப்டம்பரிலே தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலே ஒரு சோதனை ஆலை தொடங்கினார்கள். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன். சின்னதுதான். அங்கே குடியிருப்பின் தெருவிளக்குக்கு அந்த ஹைட்ரஜன்தான். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர் பேரிலே இருக்கிற துறைமுகத்திலே, அஸ்கோவ் பள்ளியிலே 1895-லே ஏற்றிய விளக்கு இன்றைக்கு எரிகிறது. (கைதட்டல்)

இந்த இடத்திலே என் அணிக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். நான் பேசுவது மிஞ்சின மின்சாரத்தை. வீட்டிலே விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்து, புதிதாக நிலக்கரியை எரித்து, ஹைட்ரஜன் செய்தால் அது பிள்ளைக்கு வைத்த பாலைப் பிடுங்கி நெய் காய்ச்சுகிற வேலை. அது கூடாது. காய்ச்சின நெய்யை எல்லாம் கப்பலேற்றி அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, நம்ம விவசாயிக்கு வெறும் ஜாடியைக் காட்டினால் அதுவும் கூடாது. முதல் கரண்டி நம்ம வீட்டு இலையிலே விழ வேண்டும். இந்த நிபந்தனையை யார் காப்பாற்றப் போகிறார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. இயந்திரம் காப்பாற்றாது. கேள்வி கேட்கிற மக்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதனாலேதான் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற இந்த மேடையிலே பேசுகிறேன்.

நடுவர் அவர்களே! சாயங்காலம் ஆறு மணி விளக்குக்குப் பேட்டரி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியான வெயிலை ராத்திரிக்கு வைக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. ஆனால் தலைப்பு, சேர்த்து வைப்பது பற்றி. ராத்திரிக்கு வைப்பது மிச்சம் எடுத்து வைப்பது. அடுத்த பருவத்துக்கு வைப்பதுதான் சேமிப்பு. பேட்டரி மின்சாரத்தை மின்சாரமாகத்தான் திருப்பித் தரும். எரிபொருளோ உரமாகும், இரும்பாகும், கப்பலை ஓட்டும், கடைசியிலே சோறாகும். கட்டிப்போட்ட அந்தக் காற்றாலைகளை அவிழ்த்துவிட்டால் முப்பந்தலிலே அடிக்கிற காற்று தஞ்சாவூரிலே நெல்லாக விளையும்.

ஆகவே, மிஞ்சுகிற மின்சாரத்தைச் சேர்த்து வைக்கச் சிறந்தது எரிபொருளே, எரிபொருளே என்று தீர்ப்பு வழங்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.